பொன்னாடை இருக்கிறது, நியமனக் கடிதம் இல்லை

முன்பள்ளியில் படிப்பிக்கப் போகிற தங்கச்சிமாருக்காகத்தான் முதலில் இதை எழுதுகிறேன். அப்புறம், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற வெளிநாட்டு உறவுகளுக்கும், சனசமூக நிலையம், கோயில், மாதர் சங்கம் என்று ஏதோ ஒரு நிர்வாகத்தில் இருக்கிறவர்களுக்கும். நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சின்ன ஊரில் 2012 இல் இருந்து பாலர் பாடசாலை ரீச்சர். கடைசியாக நான் பட்ட அலைச்சலில் பாதி, தொடக்கத்திலேயே யாராவது என்னை இருத்தி வைத்து "பிள்ளை, இன்ன இன்ன கடதாசியை வாங்கி வை" என்று சொல்லியிருந்தால் வந்திருக்காது. சொல்ல ஆள் இருக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த ரீச்சரும் கையில் ஒன்றும் இல்லாமல்தான் வீட்டுக்குப் போனவர்.

உயர்தரம் எழுதிவிட்டு, பல்கலைக்கழகம் கிடைக்காமல் வீட்டில் நின்றபோது வாசிகசாலைக்காரர் வந்து கேட்டார்கள். வாசிகசாலையோடு ஒட்டின மண்டபத்தில்தான் முன்பள்ளி. முதல் கொஞ்ச மாதம் தொண்டர், அதாவது சும்மா. பிறகு மாதம் 3,000 ரூபா, அதுவும் பெற்றோர் கட்டுகிற காசு சேர்ந்தால். ஒரு மாதம் 2,200 வரும், இன்னொரு மாதம் திருவிழா என்று அதுவும் வராது. பயிற்சிக்குப் போனேன், சான்றிதழ் எடுத்தேன், அதன் பிறகு மாகாணத்தில் இருந்து மாதாந்தக் கொடுப்பனவு என்று சில ஆயிரங்கள் வரத் தொடங்கின. அந்தக் காசுதான் என் வீட்டில் அரிசிக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் நம்பி இருந்த காசு.

வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று விளங்க வேண்டும். இலங்கையில் அரசாங்கப் பள்ளிக்கூடம் தொடங்குவது முதலாம் ஆண்டில். அதற்கு முந்தின மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகளைப் பார்ப்பது பிரதேச சபையோ, சனசமூக நிலையமோ, கோயிலோ, தேவாலயமோ, தனியாரோ நடத்துகிற இடங்கள். அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தின்படி முன்பள்ளிகளின் முகாமைத்துவத்தை மேற்பார்வை செய்வது மாகாணத்தின் பொறுப்பு. ஆனால் ரீச்சரை வேலைக்கு எடுப்பதும் நிற்பாட்டுவதும் ஊர் நிர்வாகம். வலயக் கல்வி அலுவலகத்தில் முன்பள்ளிக்கு ஓர் உத்தியோகத்தர் இருப்பார், பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று வேறொருவர் இருப்பார். இரண்டும் வேறு வேறு திணைக்களம். போதாததற்கு, வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு, போய் முறையிடுவதற்கு நாங்கள் வாக்குப் போட்ட உறுப்பினர் என்று ஒருவரும் மாகாணத்தில் இல்லை. உங்களுக்கு ஒரு பிரச்சினை வந்தால் எல்லாரும் அடுத்த கதவைக் காட்டுவார்கள் என்பது இதில் இருந்தே தெரிய வேண்டும். எனக்குத் தெரியவந்தது அந்தக் கதவுகளுக்கு நடந்த பிறகுதான்.

வேலை என்ன என்று கேட்டால் ஊரில் "பிள்ளை பார்க்கிறது" என்பார்கள். பாட்டுப் பாடுவது, சத்துணவு கொடுப்பது, மூக்குத் துடைத்துவிடுவது. ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். சேர்ந்து ஒரு தவணை ஆகியும் அவன் கதைப்பது குறைவு, குழப்படி என்று தாய் சொன்னார். நான் பார்த்தது வேறு. கதை சொல்லும்போது மற்றப் பிள்ளைகள் கையில் இருக்கிற படத்தைப் பார்ப்பார்கள், இவன் என் வாயையே பார்த்துக்கொண்டு இருப்பான். ஒருநாள் அவனுக்குப் பின்னால் நின்று, புளியங்கொட்டை போட்ட பேணியை வலப்பக்கம் கிலுக்கினேன். திரும்பவில்லை. இடப்பக்கம் கிலுக்கினேன், மெல்லத் திரும்பினான். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பிவைத்தோம். காதுக்குள் நீர் கட்டியிருந்தது, வைத்தியம் செய்தார்கள், இப்போது வாய் ஓயாமல் கதைக்கிறான். அடுத்த மாதம் அதே தாய் "பிள்ளை இன்னும் ஏ பி சி டி எழுதுறான் இல்லையே ரீச்சர், மற்ற நேர்சரியில ரை கட்டி, இங்கிலீசில எல்லாம் சொல்லிக் குடுக்கினம்" என்று குறைப்பட்டார். எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்றரை வயதுப் பிள்ளையின் விரலுக்கு எழுதுகிற பலம் வருவது களிமண் பிசைந்தும் மணி கோத்தும்தான், கொப்பி நிறைய எழுதி இல்லை என்பதைப் பெற்றோர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறேன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். சான்றிதழ் எடுத்த காலத்தில் நிர்வாகத்திடம் ஒரு நியமனக் கடிதம் கேட்டேன். அப்போதைய தலைவர் நல்ல மனிதர்தான், சிரித்தார். "கடிதம் என்னத்துக்கு ரீச்சர்? உங்களைத் தெரியாத ஆக்கள் இந்த ஊரில ஆர்? நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம் தானே." இரண்டு முறைக்கு மேல் கேட்டால் காசாசை பிடித்தவள் என்ற பெயர் வந்துவிடும். அதற்குப் பதிலாக எனக்குக் கிடைத்தவை பொன்னாடைகள். கலைவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வருகிற பிரதம விருந்தினர் மேடையில் போர்த்துவார், போட்டோ எடுப்பார்கள், அது முகநூலில் வரும். அலுமாரியில் ஒரு தட்டு முழுக்க அடுக்கி வைத்திருக்கிறேன். பின்னால் ஓர் அலுவலகத்தில் "பன்னிரண்டு வருசம் வேலை செய்ததுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டபோது எனக்கு அந்தத் தட்டுத்தான் ஞாபகம் வந்தது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்கு மூடினார்கள். பெற்றோர் காசு நின்றது, ஊர்ச் சம்பளமும் நின்றது. திறந்தும் மூடியும் இரண்டு வருடம் இழுபட்டு, அது முடிய 2022 இன் பொருளாதார நெருக்கடி. அதற்குள் நிர்வாகம் மாறியது. புது நிர்வாகம் சுறுசுறுப்பானது. லண்டன், கனடாவில் இருக்கிற ஊர்ச் சங்கத்தோடு பேசி மண்டபத்தைத் திருத்தினார்கள், சுவரெல்லாம் கார்ட்டூன் வரைந்தார்கள், வாசலில் வளைவு கட்டினார்கள். வளைவுக்கு மட்டும் எட்டு லட்சம் முடிந்ததாகக் கேள்வி. வர்ணம் பூச மண்டபத்தை வெறுமையாக்கியபோது பழைய அலுமாரியும் வெளியே போனது. அதற்குள் இருந்த வரவுப் பதிவேடுகள், பிள்ளைகளின் சேர்வுப் பதிவு, என் பயிற்சிக் குறிப்புகள் எல்லாம் கறையான் பிடித்த கடதாசி என்று காவோலையோடு சேர்த்து எரித்துவிட்டார்கள். தவணை விடுமுறை என்பதால் நான் அங்கே இல்லை.

கொஞ்ச நாளில் மாகாணக் கொடுப்பனவு பெறுகிற ஆசிரியர்களின் விவரங்களைத் திரும்பச் சரிபார்த்தார்கள். முன்பள்ளியின் பதிவு, தகைமைச் சான்றிதழ், நியமனத் திகதி, பிள்ளைகளின் எண்ணிக்கை, நிர்வாகத்தின் உறுதிப்படுத்தல், இவ்வளவும் என்னிடம் கேட்டார்கள். சான்றிதழ் மட்டும் என் வீட்டில் இருந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டியது நிர்வாகம், பழைய நிர்வாகம் புதுப்பிக்காமல் விட்டிருந்தது, புதியவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. செயலாளர் தம்பி "நாங்கள் போன வருசம்தான் வந்தனாங்கள், 2012 இல என்ன நடந்தது எண்டு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் பெயர் பட்டியலில் இல்லாமல் போனது. வங்கிக்குப் போய்ப் புத்தகத்தைப் பதிந்து பார்த்தபோதுதான் காசு வரவில்லை என்று தெரிந்தது. கடிதமும் இல்லை, ஒரு தொலைபேசியும் இல்லை.

அதன் பிறகான ஒரு வருடத்துக்கு மேற்பட்ட காலத்தைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. காலையில் பிள்ளைகள், பன்னிரண்டு மணிக்குப் பிறகு உச்சி வெயிலில் சைக்கிள், அலுவலக வாசல், "சேர் கூட்டத்தில", "நாளைக்கு வாங்கோ". ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், எனக்குக் கதிரை காட்டாமல் நிற்க வைத்துக்கொண்டே ஒருவர் தேத்தண்ணி குடித்து முடித்தார். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். அன்றைக்கு மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்று அழுதேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் தெரிந்த ஆட்கள், கண்ணில் தூசு என்று சொன்னேன். வராமல் போன கொடுப்பனவு ஒரு லட்சத்துக்குக் கிட்ட. அம்மாவின் காப்பை அடைவு வைத்தேன், வட்டியோடு சேர்த்து மீட்க முடியாமல் ஒருமுறை மறு அடைவு வைத்தேன். காப்பு இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

திரும்ப எப்படி எழும்பினேன் என்பதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும். முதலாவது, ஆதாரம் என்றால் நியமனக் கடிதம் மட்டும் இல்லை. மேற்பார்வைக்கு வந்த உத்தியோகத்தர்கள் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைத்திருப்பார்கள். அந்தப் புத்தகம் தற்செயலாக வாசிகசாலை மேசை லாச்சிக்குள் தப்பியிருந்தது, அதில் என் பெயர் திகதியோடு இருந்தது. சனசமூக நிலையத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் "முன்பள்ளி ஆசிரியைக்குக் கொடுப்பனவு 3,000 ரூபா வழங்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரு வரி கிடைத்தது. அப்புறம் போட்டோ. கலைவிழாப் படங்களில் பின்னால் கட்டின பதாகையில் வருடம் இருக்கும். எனக்குக் கிடைத்த மிகப் பழைய படத்தில் வருடத்தின் கடைசி இலக்கத்தை ஒரு பிள்ளையின் வண்ணத்துப்பூச்சிச் செட்டை மறைத்திருந்தது. அந்தப் பிள்ளை இப்போது சாதாரண தரக்காரி. அவளுடைய தாய் பிறப்புச் சான்றிதழின் பிரதியோடு, "மகள் 2013 இல் இவரிடம் படித்தவள்" என்று கடிதம் எழுதித் தந்தார். பார்த்துவிட்டு இன்னும் சில பெற்றோர் எழுதினார்கள். பழைய தலைவரிடமும் போனேன், வருத்தமாகக் கிடந்தவர் கட்டிலில் இருந்தபடியே சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தார். எல்லாவற்றையும் கிராம சேவையாளரிடம் உறுதிப்படுத்தினேன்.

இரண்டாவது, வாயால் கேட்பதை விட்டேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கம், நம்மைப் போன்றவர்களுக்கும்தான். ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார். தமிழிலேயே விண்ணப்பம் எழுதி, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்க வேண்டும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். நான் சண்டை பிடிக்கிற மாதிரி எழுதவில்லை. என் பெயர் பட்டியலில் இருந்ததா, எந்தத் திகதியில் நீக்கப்பட்டது, என்ன காரணம், திரும்பச் சேர்க்க என்னென்ன ஆவணம் தேவை, இவ்வளவுதான். இத்தனை மாதம் நாளைக்கு வா என்றவர்களிடம் இருந்து அச்சடித்த பதில் தபாலில் வந்தது. காரணம் முன்பள்ளியின் பதிவு காலாவதியானது, என் தகைமையில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கடிதத்தைக் காட்டியபோதுதான் செயலாளர் தம்பி மெனக்கெட்டு வந்து பதிவைப் புதுப்பித்தான். பெயர் திரும்பச் சேர்ந்தது. இடையில் போன மாதங்களின் காசு கிடைக்கவில்லை, கேட்டு எழுதியிருக்கிறேன்.

சேரும் முதல் நாளே ஒரு பைல் திறவுங்கள். அது முன்பள்ளி அலுமாரியில் இல்லை, உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். நியமனக் கடிதத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொடங்கும் திகதி, மாதம் எவ்வளவு, யார் தருவது, நிர்வாக முத்திரை, அரைப் பக்கம் போதும். நிர்வாகம் எழுதத் தயங்கினால் நீங்களே எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்துக் கேளுங்கள், பலபேருக்கு எழுதத் தெரியாததுதான் தடை. சம்பளத்தைக் கையில் வாங்காமல் வங்கிக்குப் போடச் சொல்லுங்கள், வங்கியில் இருக்கிற பதிவை எரிக்க யாராலும் முடியாது. வரவுப் பதிவேட்டின் பக்கத்தை மாதம் முடிய போனில் படம் எடுங்கள். முன்பள்ளியின் பதிவு எப்போது முடிகிறது என்று நீங்களும் தெரிந்து வைத்திருங்கள், அது நிர்வாகத்தின் வேலை என்றாலும் தண்டனை உங்களுக்குத்தான். அனுபவம் நிறைய, சான்றிதழ் இல்லை என்கிறவர்கள் அரச தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையைப் பற்றி விசாரியுங்கள். செய்த வேலையை ஆதாரத்தோடு காட்டி, மதிப்பீட்டாளருக்கு முன் செய்துகாட்டி, தேசிய தொழில் தகைமை எடுக்கலாம், முன்பள்ளி ஆசிரியருக்கு நாலாம் மட்டம் இருக்கிறது. அங்கேயும் இதே பைலைத்தான் கேட்பார்கள். இன்னும் படிக்க விருப்பம் என்றால் திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ் பிராந்திய நிலையத்தில் முன்பள்ளிக் கல்விப் பாடநெறி இருக்கிறது.

இனி ஊர்க்காரருக்கு. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா ஆனது, 2026 ஜனவரியில் இருந்து 30,000. எங்கள் முன்பள்ளியில் மாகாணக் கொடுப்பனவையும் ஊர்க் காசையும் கூட்டினாலும் அதில் பாதியைத் தொடாது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் எடுக்கப்பட்ட முன்பள்ளி ஆசிரியைகளுக்கு முப்பதாயிரம் அளவில் அரச சம்பளம் போனது பல வருடமாக எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்குள் இருக்கிற அரசியல் எனக்கும் உவப்பில்லை, இராணுவத்தோடு ஒட்டின திணைக்களத்துக்கும் பாலர் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் கேட்பேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஏன் போனார்கள் என்று குற்றம் சொல்ல என் வாய் வராது. மாதம் முடிய சம்பளம் வந்தது, அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இருக்கிற அண்ணைமார், அக்காமார் கோபிக்கக் கூடாது. எட்டு லட்சத்து வளைவு என்பது ஒரு ரீச்சருக்கு மாதம் 30,000 வீதம் இரண்டு வருடத்துக்கு மேல் சம்பளம். பன்னிரண்டு பேர் மாதம் 2,500 ரூபா போட்டால் ஒரு ரீச்சரின் முழுச் சம்பளம் வந்துவிடும். கல்லில் பெயர் பொறிக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை. ஒருவர் பெரிய தொகை தந்துவிட்டு அடுத்த வருடம் மறந்துபோவதை விட, பலபேர் சின்னத் தொகையை வங்கியில் நிரந்தரக் கட்டளையாகப் போடுவது நல்லது. காசை வாசிகசாலையின் பொதுக் கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள், கலந்தால் திருவிழாவும் கிரிக்கெட் சுற்றுப்போட்டியும் அதைத் தின்றுவிடும். கணக்குப் பார்க்கப் பெற்றோரில் இருவரைச் சேருங்கள். எங்கள் ஊரில் இதைத் தொடங்கச் சங்கத்தோடு கதைத்தபோது முதலில் வந்த கேள்வி "எங்களுக்குக் காட்ட என்ன இருக்கு?" என்பது. நான் காது கேளாத பிள்ளையின் கதையைச் சொன்னேன். முழுத் தொகை சேரவில்லை, ஆனால் நாலு பேர் தொடங்கியிருக்கிறார்கள், மாதம் 10,000 ஒழுங்காக வருகிறது.

கௌரவிக்க வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு ஊர்ப் பாடசாலையில் மேடை போடும்போது முன்பள்ளி ரீச்சரையும் கூப்பிடலாம். எங்களை ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினத்துக்குத்தான் கூப்பிடுவார்கள், பிள்ளைகளைக் கொண்டுபோய் இருத்துவதற்கு. விஜயதசமிக்கு ஏடு தொடக்க ஐயரையோ ஓய்வுபெற்ற அதிபரையோ தேடுகிறீர்கள், தேடுங்கள். ஆனால் அரிசியில் எழுதின அந்த விரல் அடுத்த நாள் முதல் பழகப்போவது எங்களோடு. போன விஜயதசமிக்கு ஒரு தகப்பன் வந்து "ரீச்சர், என்ர மகளுக்கு நீங்கள்தான் ஏடு தொடக்க வேணும்" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. எல்லாப் பொன்னாடையையும் அதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது.

இப்போது நான் பிடித்துக்கொண்டு நிற்பது ஊழியர் சேமலாப நிதி. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி சம்பளத்தில் வேலை கொடுப்பவர் நூற்றுக்கு 12, தொழிலாளி 8, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேலை கொடுப்பவர் இன்னும் 3. 15,000 ரூபா சம்பளத்துக்கு நிர்வாகத்தின் கையில் இருந்து போவது மாதம் 2,250 தான். தொண்டு அமைப்புகளுக்குச் சில விலக்குகள் இருப்பதால் பொருளாளர் அண்ணை "எங்களுக்கு அது பொருந்தாது பிள்ளை" என்கிறார். பொருந்துமா பொருந்தாதா என்று தொழில் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். ஜனவரியில் எனக்கு உதவியாக ஒரு பிள்ளை சேர்ந்தாள், அவளுடைய நியமனக் கடிதத்தை நானே எழுதி, தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். என்னுடைய கடிதம் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் வருகிறது, 2012 என்ற திகதியோடு.